தமிழில் செய்தி எழுதும் முறை: டர்பன் வட்டாரத்தில் எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்தில், சாட்ஸ்வொர்த்திலோ டோங்காட்டிலோ தமிழ் வாசிக்கத் தெரிந்தவர்களில் பலர், கோயிலை ஒட்டிய வகுப்பிலோ வாரக் கடைசிப் பள்ளியிலோ எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள். வீட்டில் ஆங்கிலம், வேலையிடத்தில் ஆங்கிலம். அதே செய்தி கைப்பேசியில் ஆங்கிலத்தில் கிடைக்கும்போது தமிழ்ப் பத்தியைக் கையில் எடுப்பது விருப்பத்தால்தான். ஒரு வாக்கியத்தை இரண்டாம் முறை வாசிக்க நேர்ந்தால் அவர் பொறுத்துக்கொள்வார். மூன்றாம் முறை நேர்ந்தால் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அதற்கு முன் வரும் யார், எங்கே, எப்போது, எதனால் அனைத்தையும் வாசகர் சுமந்துகொண்டே கடைசிவரை நடக்க வேண்டும். வேகமாக வாசிப்பவருக்கு அந்தச் சுமை தெரியாது. எழுத்துக் கூட்டி வாசிப்பவருக்குப் பாதி வழியிலேயே கை நோகும். சுமையை எங்கே இறக்கி வைப்பது என்று அறிந்து எழுதுவதே இங்கே தெளிவு என்பதற்குப் பொருள்.

1903இல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வந்தது. 1906இல் தமிழும் இந்தியும் நின்றன. அந்தப் பகுதிகளை எழுதவும் அச்சுக் கோக்கவும் தகுந்த ஆட்கள் கிடைக்கவில்லை. அச்சுக் கோக்கும் வேலையை இன்று கணினி செய்துவிடுகிறது. எழுத மட்டும் இன்றும் ஆள் வேண்டும்.

எழுதும் முன்

குழப்பமான வாக்கியத்தைத் திருத்தப் பார்த்தால், பெரும்பாலும் குற்றம் வாக்கியத்தில் இருக்காது, குறிப்பேட்டில் இருக்கும். "சில தினங்களாக" என்று ஒருவர் எழுதுவது எத்தனை நாள் என்று கேட்காததால். "பலர் காயம்" என்று எழுதுவது எண்ணாததால். ஆகவே எழுத உட்காரும் முன் குறிப்பேட்டில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரின் பெயரும் அவரே எழுதிக் காட்டிய எழுத்தில்; கிழமை, தேதி, மணி; தெருப் பெயரோடு இடம்; சொன்னவர் யார் என்பதோடு எண்ணிக்கை; எதிர்த் தரப்பின் பதில், அல்லது பதில் கேட்ட நேரம்; இனி என்ன நடக்கும், எப்போது.

கடைசியாகச் சொன்னதைத்தான் அதிகம் பேர் மறக்கிறார்கள். தண்ணீர் நின்றது என்ற செய்தி வாசகர் குழாயைத் திறந்தபோதே அவருக்குத் தெரியும். எப்போது திரும்ப வரும், அதுவரை தண்ணீர் லாரி எந்தத் தெருமுனையில் நிற்கும் என்பதற்காகத்தான் அவர் பத்திரிகையைத் திறக்கிறார்.

குறிப்புகள் கூடியதும் ஏட்டை மூடிவிட்டு, பக்கத்து வீட்டு ஆயாவிடம் வேலிக்கு மேல் சொல்வதுபோல ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். "ஆயா, அஞ்சு நாளா தண்ணி வரல, ஜனங்க ரோட்டை மறிச்சிட்டாங்க." செய்தியின் முதல் பத்தி அதுதான். பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாக்கினால் போதும். இப்படி ஒரே மூச்சில் சொல்ல வரவில்லை என்றால், செய்தி என்னவென்று உங்களுக்கே இன்னும் பிடிபடவில்லை. தொலைபேசியை எடுத்து இன்னும் இரண்டு பேரிடம் கேளுங்கள்.

முதல் பத்தி

பத்திரிகைக்காரர்கள் இன்ட்ரோ என்று சொல்லும் முதல் பத்தி 20 சொல்லுக்குள் அடங்க வேண்டும். 25ஐத் தாண்டினால் இரண்டாக வெட்ட வேண்டும். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விக்கும் ஒரே பத்தியில் பதில் சொல்ல வேண்டும் என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். தமிழில் அதைச் செய்யாதீர்கள். ஆறையும் ஒரு வினைக்கு முன்னால் அடுக்கினால் பத்தி கல்வெட்டு போல் ஆகிவிடும். செய்தியைச் செய்தியாக்கும் இரண்டு அல்லது மூன்று கேள்விகளை முதல் பத்தியில் வைத்து, மற்றவற்றை அடுத்த இரண்டு பத்திகளுக்குத் தள்ளுங்கள்.

கீழே உள்ளது பயிற்சிக்காக உருவாக்கிய செய்தி. முதலில் வழக்கமாக வந்து சேரும் வடிவம்:

"பீனிக்ஸ் பகுதியில் கடந்த சில தினங்களாகக் குடிநீர் விநியோகம் பாதிக்கப்பட்டு வந்த நிலையில், பொதுமக்கள் பெரும் அவதிக்குள்ளாகி வந்ததைத் தொடர்ந்து, இது தொடர்பாக மாநகராட்சி அதிகாரிகளிடம் பலமுறை முறையிடப்பட்டும் எவ்வித நடவடிக்கையும் எடுக்கப்படாத காரணத்தால் ஆத்திரமடைந்த அப்பகுதி மக்கள் நேற்று முன்தினம் சாலையை மறித்துப் போராட்டத்தில் ஈடுபட்டதால் போக்குவரத்து பாதிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது."

மொத்தம் 38 சொல், ஒரே வாக்கியம். மக்கள் என்ன செய்தார்கள் என்பது 31ஆம் சொல்லில்தான் தெரிகிறது. எத்தனை நாள், எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்ற மூன்று கேள்விக்கும் பதிலே இல்லை. திருத்திய வடிவம்:

"குழாயில் ஐந்து நாளாகத் தண்ணீர் வராததால் பீனிக்ஸ் மக்கள் செவ்வாய்க்கிழமை சாலையை மறித்தார்கள். காலை 6 மணி முதல் 8 மணி வரை பேருந்துகள் ஓடவில்லை. மக்கள் சொல்வது: நான்கு முறை புகார் கொடுத்தும் மாநகராட்சி ஆளனுப்பவில்லை."

மூன்று வாக்கியமும் மூன்று சிறு பத்திகள், மொத்தம் 27 சொல். நீளம் குறைந்தும் செய்தி கூடியிருக்கிறது. "பாதிக்கப்பட்டு வந்த நிலையில்", "அவதிக்குள்ளாகி வந்ததைத் தொடர்ந்து" ஆகியவை தங்களுக்கென்று எந்தத் தகவலையும் வைத்திருக்கவில்லை. அவை போன இடத்தில் மூன்று எண்கள் வந்து உட்கார்ந்தன. "ஆத்திரமடைந்த" என்ற சொல்லும் போய்விட்டது. ஐந்து நாள் தண்ணீர் இல்லாதவர் எப்படி இருப்பார் என்று வாசகருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நான்காம் பத்தியாக மாநகராட்சியின் பதில் வர வேண்டும். பதில் தரவில்லை என்றால், எந்தக் கிழமை எத்தனை மணிக்குக் கேட்டோம் என்று எழுதுங்கள்.

இதற்குப் பின் வரும் பத்திகளை முக்கியத்துவம் குறைந்துகொண்டே போகும்படி அடுக்குங்கள். இதைத் தலைகீழ்ப் பிரமிடு என்பார்கள். இடம் போதாமல் பக்கம் அமைப்பவர் கடைசிப் பத்தியை எடுத்தாலும் செய்தி முடமாகக் கூடாது. பத்திக்கு இரண்டு வாக்கியம், மிஞ்சினால் மூன்று. அகலம் குறைந்த பத்திரிகைப் பத்தியில் நான்கு வாக்கியம் அச்சில் கருப்புச் சுவர்போலத் தெரியும்.

வாக்கியம்

வாக்கியத்துக்கு 8 முதல் 12 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 மேல் எல்லை. எண்ணிப் பார்ப்பது முதல் ஒரு மாதம் சலிப்பாக இருக்கும், பிறகு காதே எண்ணிவிடும்.

நீளத்துக்கு முதல் காரணம் எச்சங்களின் தொடர். "சென்று, பார்த்து, பேசி, கேட்டறிந்து, உத்தரவிட்டார்" என்று வினையெச்சங்களை எத்தனை வேண்டுமானாலும் கோக்கத் தமிழ் இடம் கொடுக்கிறது. கதை சொல்லும்போது அது அழகு. செய்தியில் இரண்டுக்கு மேல் போகக் கூடாது. மூன்றாவது எச்சம் வரும் இடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள். எழுவாயைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. "பிறகு" என்றோ "அங்கே" என்றோ தொடங்கினால் போதும்.

பெயரெச்சம் வேறு விதமாகக் கெடுக்கும். "காயமடைந்த ஓட்டுநரின் மனைவி" என்றால் காயமடைந்தது ஓட்டுநரா, மனைவியா? எழுதியவருக்குத் தெரியும், உறவினர் வீட்டில் இருந்து வாசிப்பவருக்குத் தெரியாது. விபத்துச் செய்தியில் இந்தப் பிழை ஒரு குடும்பத்தையே கலங்கடிக்கும். "ஓட்டுநர் காயமடைந்தார். அவர் மனைவி உடன் இருந்தார்" என்று உடைத்து எழுதுங்கள்.

"அவர்" என்ற சொல்லும் கவனிக்க வேண்டியது. ஆணா பெண்ணா என்று அது காட்டாது, யாரைச் சுட்டுகிறது என்பதும் சில இடத்தில் நழுவிவிடும். "அவர் பதவி விலகுவதாகத் தலைவர் செயலாளரிடம் கூறினார்" என்றால் விலகுவது யார்? தலைவரே விலகுகிறார் என்றால் "தாம் பதவி விலகுவதாக" என்று எழுதுங்கள். தாம், தம், தமது என்ற சொற்கள் இதற்காகவே தமிழில் இருக்கின்றன. செயலாளர் விலகுகிறார் என்றால் செயலாளர் என்றே திரும்ப எழுதுங்கள். ஒரு பத்தியில் இரண்டு பேர் வந்தால் சுட்டுப்பெயரைவிடப் பதவிப் பெயர் பாதுகாப்பு.

செயப்பாட்டு வினை செய்தவரை மறைக்கிறது. "தண்ணீர் நிறுத்தப்பட்டது", "மனு நிராகரிக்கப்பட்டது", "நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது". யார் நிறுத்தினார், யார் நிராகரித்தார்? அரசு அறிக்கைகள் இப்படி எழுதுவதற்கு அவற்றுக்கென்று காரணம் இருக்கலாம், பத்திரிகைக்கு அந்தக் காரணம் இல்லை. செய்தவர் தெரியும் என்றால் அவரை எழுவாயாக்குங்கள். உண்மையிலேயே தெரியாதபோது, உதாரணமாகக் கோயில் உண்டியல் உடைக்கப்பட்டிருந்தால், "படு" விகுதி சரியான சொல்தான்.

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க இடமிருந்தால் இதை வையுங்கள்: "என்றார்" எங்கே நிற்கிறது? தமிழில் அது கடைசியில் வருவதால், ஒரு குற்றச்சாட்டை வாசகர் முழுதாக உண்மையென்று வாசித்து முடித்த பிறகே அதைச் சொன்னவர் யார் என்று அறிகிறார். "கடைக்காரர் காலாவதியான மருந்துகளைத் தேதி மாற்றி விற்றுவந்ததாகவும், அதில் கிடைத்த பணத்தில் இரண்டு வாகனம் வாங்கியதாகவும் போலீசார் கூறினர்." வாசகர் மனத்தில் கடைக்காரர் எப்போதோ குற்றவாளியாகிவிட்டார். சொன்னவரை முன்னால் கொண்டுவாருங்கள்: "போலீசார் கடைக்காரர் மீது இரண்டு குற்றச்சாட்டுகளைச் சுமத்தியுள்ளனர்." பிறகு ஒவ்வொன்றையும் தனி வாக்கியமாக எழுதலாம். ஐந்தாறு சொல்லில் முடியும் கூற்றுக்கு மட்டும் "என்றார்" கடைசியில் இருக்கட்டும்.

வினைமுற்றில் "மறித்தனர்", "மறித்தார்கள்" இரண்டும் சரி. முதலாவது இடத்தைச் சேமிக்கும், இரண்டாவது பேச்சுக்கு நெருக்கம். எழுத்துக் கூட்டி வாசிப்பவருக்கு இரண்டாவதே எளிது. தலைப்பிலும் படக்குறிப்பிலும் முதலாவதை வைத்துக்கொள்ளலாம்.

சொல்

சுமையை மட்டும் கூட்டும் தொடர்கள் இரு கை விரல் எண்ணிக்கைதான். அவை திரும்பத் திரும்ப வருகின்றன. "என்பது குறிப்பிடத்தக்கது": வெட்டுங்கள், குறிப்பிடத்தக்கதல்ல என்றால் ஏன் எழுதினீர்கள்? "இன்றைய தினம்" என்பது இன்று. "ஆய்வு மேற்கொண்டார்" என்பது பார்வையிட்டார். "வருகை புரிந்தார்" என்பது வந்தார். "கைது நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது" என்பது போலீசார் கைது செய்தனர். "நடைபெற்று முடிந்தது" என்பது நடந்தது. "இந்நிலையில்" என்று தொடங்கும் வாக்கியத்தில் அந்தச் சொல்லை விரலால் மறைத்துப் பாருங்கள். பத்தில் ஒன்பது இடத்தில் எதுவும் குறையாது. "பரிதாபமாக உயிரிழந்தார்" என்பதில் பரிதாபம் வேண்டாம். இறந்தவரின் வயதையும் அவரை எதிர்பார்த்திருந்தவர்களையும் எழுதுங்கள். திருவிழாச் செய்தியில் "வெகு விமரிசையாக", "கோலாகலமாக" இரண்டும் எல்லா ஊருக்கும் எல்லா ஆண்டுக்கும் பொருந்தும் சொற்கள். எத்தனை காவடி, எந்த ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டது, எத்தனை மணிக்குக் கோயில் சேர்ந்தது என்று எழுதினால்தான் அது இந்த ஆண்டின் செய்தி.

ஆங்கில அறிக்கையைக் கணினியில் மொழிபெயர்த்து ஒட்டுவது இப்போது அதிகம். அதன் முதல் அடையாளம் "ஒரு". "ஒரு அறிக்கையில்", "ஒரு கூட்டத்தில்", "ஒரு முக்கியமான முடிவு". தமிழுக்கு அவை தேவையில்லை. தேவைப்படும் இடத்திலும் உயிரெழுத்துக்கு முன் "ஓர்" வர வேண்டும். இரண்டாவது அடையாளம், "ஆல்" உருபோடு முடியும் செய்தவர்: "மேயரால் திறக்கப்பட்டது". மேயர் திறந்தார். இப்படி வந்த பிரதியைத் திருத்துவதைவிட, ஆங்கில அறிக்கையை ஒருமுறை வாசித்து மூடி வைத்துவிட்டுப் புதிதாக எழுதுவது வேகமான வழி.

அடுத்தது, தமிழ்நாட்டுச் சொல்லை அப்படியே கொண்டுவரும் சிக்கல். இங்கே மாவட்ட ஆட்சியர் இல்லை, முதலமைச்சர் இல்லை. மாகாணத்துக்குப் பிரீமியர், மாநகராட்சிக்கு மேயர், வட்டாரத்துக்கு வார்டு கவுன்சிலர். பிரதமர் பதவி இந்த நாட்டில் 1984இலேயே போய்விட்டது; ஜனாதிபதிதான் அரசின் தலைவர். பருவமும் அப்படியே. சென்னையில் சித்திரை வெயில் கொளுத்தும்போது டர்பனில் இலையுதிர் காலம். "கோடை விடுமுறை" என்று மே மாதச் செய்தியில் எழுதினால் வாசகர் திகைப்பார், இங்கே அது டிசம்பரில் வருவது. மின்வெட்டுக்கு அரசு மின் நிறுவனமான எஸ்காம் சொல்லும் "நிலை 4" போன்றவற்றை அப்படியே விடாதீர்கள். ஒவ்வொரு நிலையும் 1,000 மெகாவாட் குறைப்பைக் குறிக்கும், ஆனால் வாசகருக்கு மெகாவாட் தேவையில்லை. எந்தப் பகுதிக்கு எந்த மணி முதல் எந்த மணி வரை என்பதே செய்தி.

இரண்டு சொற்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் "கூலி" என்பது உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம், "கூலித் தொழிலாளி" சாதாரணச் சொல். தென்னாப்பிரிக்காவில் அந்த ஒலி நம் முன்னோர் முகத்தில் வீசப்பட்ட வசை. ஆகவே 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தத்தின்கீழ் வந்தவர்களை ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று எழுதுங்கள், ஊதியத்தைக் குறிக்கச் சம்பளம் என்று எழுதுங்கள். அதேபோல் பழைய தமிழ் அச்சில் ஆப்பிரிக்க மக்களைக் குறிக்க வந்த "காப்பிரி", "காப்பிலி" ஆகியவை இங்கே மிகக் கொடிய இழிசொல்லோடு ஒரே வேர் கொண்டவை. முதியவர் ஒருவர் பேட்டியில் பழக்கத்தால் சொன்னாலும் அச்சில் வரக் கூடாது. ஒருவரின் இனம் செய்திக்குத் தேவையா என்று முதலில் பாருங்கள். தேவை என்றால் ஆப்பிரிக்கர், ஜூலு மக்கள், கறுப்பினத்தவர் என்று இடத்துக்கேற்ற சொல்லை எழுதுங்கள்.

பெயர்

கவுண்டர் இங்கே கோவெண்டர் ஆனார், நாயுடு நைடூ ஆனார், முதலியார் மூட்லி ஆனார். அச்சில் எதை எழுதுவது? அவர் தம்மை எப்படி அழைக்கிறாரோ அப்படி. நூறாண்டுக்கு மேல் ஒரு குடும்பம் சுமந்த பெயரைத் "திருத்த" நமக்கு உரிமை இல்லை. குடும்பப் பெயரை மட்டும் இரண்டாம் குறிப்பில் பயன்படுத்தும் ஆங்கிலப் பத்திரிகை முறையும் இங்கே உதவாது. ஒரே செய்தியில் மூன்று நைடூ வருவது சாதாரணம். முதல் முறை முழுப் பெயர், அடுத்த முறை இட்ட பெயர், மரியாதை விகுதியோடு. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் "அவர்", "வந்தார்" என்றே எழுதுங்கள். "அவன் வந்தான்" என்ற ஒருமை, நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் முன்பே தீர்ப்பளிப்பதாகும்.

ஊர்ப் பெயர்களுக்கு அலுவலகத்தில் ஒரு பட்டியல் தொங்க வேண்டும். சாட்ஸ்வொர்த், வெருலம், இசிப்பிங்கோ, மவுண்ட் எட்ஜ்கூம், உம்லாசி, எதெக்வினி என்று முடிவு செய்துவிட்டால் எல்லாரும் அதையே எழுதலாம். மாறிய பெயர்களுக்கு, புதிய பெயரை முன்னால் வைத்துப் பழையதை ஒருமுறை மட்டும் சொல்லுங்கள்: "முன்பு கிரே தெரு என்று அழைக்கப்பட்ட டாக்டர் யூசுஃப் தாதூ தெரு". முதியவர் இடத்தைக் கண்டுகொள்வார், இளையவரும் வழி தவற மாட்டார்.

எண்ணும் நேரமும்

இலட்சமும் கோடியும் தென்னாப்பிரிக்க வாசகர் பலருக்குப் பழக்கமில்லை. மில்லியன், பில்லியன் என்றே எழுதுங்கள். இந்தியச் செய்தியை எடுத்தாளும்போது 10 இலட்சம் ஒரு மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன் என்று மாற்றி, மாற்றிய கணக்கை இன்னொருவரிடம் காட்டுங்கள். ஒரு சுழி தவறினால் செய்தி முழுதும் தவறு. அரசு ஆவணங்களில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வருவது இந்நாட்டு முறை, ஆயிரத்தை இடைவெளி பிரிக்கும். "12,500" என்பது ஓர் ஆவணத்தில் பன்னிரண்டரையாக இருக்கலாம். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சதவீதத்தில் வரும் பிழைக்கு நல்ல உதாரணம் மதிப்புக் கூட்டு வரி. 2018 ஏப்ரலில் அது 14 சதவீதத்திலிருந்து 15 சதவீதமானது. "வரி 1 சதவீதம் உயர்ந்தது" என்பது தவறு. உயர்ந்தது 1 சதவீதப் புள்ளி. வரியின் அளவில் அது ஏறக்குறைய 7 சதவீத உயர்வு. வாசகருக்கு இரண்டையும்விட எளிது இதுதான்: வரி சேர்வதற்கு முன் 100 ராண்ட் விலையுள்ள பொருளுக்கு 114 கொடுத்தவர் 115 கொடுக்கிறார். தண்ணீர்க் கட்டணச் செய்தியிலும் இப்படியே. கிலோலிட்டர் என்றால் 1,000 லிட்டர், 20 லிட்டர் வாளியில் 50 வாளி.

"நேற்று", "நாளை" வேண்டாம். வார இதழை வாசகர் மூன்று நாள் கழித்தும் திறப்பார். கிழமையும் தேதியும் எழுதுங்கள். "03/04" என்று எழுதாமல் மாதப் பெயரைச் சொல்லால் எழுதுங்கள். திருவிழாச் செய்தியில் இன்னொரு பொறி இருக்கிறது. சென்னைப் பஞ்சாங்கத்து நேரம் டர்பன் நேரத்தைவிட மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 7:00 மணிக்குத் தொடங்கும் திதி இங்கே 3:30க்குத் தொடங்கிவிடும். சூரிய உதயத்தை வைத்து நாள் குறிக்கும் விரதங்களில் தேதியே மாறலாம். கழித்துப் பார்த்ததோடு நிற்காமல் கோயில் குருக்களிடம் கேட்டு, அவர் சொன்ன நேரத்தை எழுதுங்கள்.

எல்லாருக்கும் தெரிந்தது என்று நினைக்கும் தகவலைத்தான் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். "தமிழ் தென்னாப்பிரிக்காவின் ஆட்சிமொழிகளில் ஒன்று" என்று விழா மேடையில் சொல்வதைக் கேட்கலாம். ஆட்சிமொழிகள் 12, சைகை மொழி 2023இல் சேர்ந்ததால் 11 என்ற பழைய எண்ணும் தவறு. அந்தப் பன்னிரண்டில் தமிழ் இல்லை. அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதித்துப் பேண வேண்டிய சமூக மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. உண்மையே போதுமான பெருமை. முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து சேர்ந்த நவம்பர் 16 நினைவுச் செய்தியிலும் இதே கவனம் வேண்டும்: 1860இல் அன்று சென்னையிலிருந்து வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பலில் இருந்தவர்கள் 342 பேர். "ஆயிரக்கணக்கானோர் முதல் கப்பலில்" என்று எழுதினால் அவர்களை நாம் மதித்ததாகாது.

பிறர் கூற்று

பேட்டி கொடுப்பவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பேசுவார், நடுவே இரண்டு தமிழ்ச் சொல் வரும். அதை மேற்கோள் குறிக்குள் செந்தமிழாக்கினால் அவர் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுகிறோம். ஆங்கிலத்தில் சொன்னதை மேற்கோள் குறி இல்லாமல் அயற்கூற்றாக எழுதுங்கள். தமிழில் சொன்னதை, சொன்ன வடிவத்திலேயே, பேச்சுத் தமிழாக இருந்தாலும் குறிக்குள் போடுங்கள். "எங்க பாட்டி கரும்புக் காட்டுல வேலை செஞ்சாங்க" என்ற வரியை "எமது பாட்டனார்" என்று மாற்றாதீர்கள். ஒரு செய்திக்கு நேர்க்கூற்று இரண்டு போதும்.

சட்டம், சுருக்கமாக

குற்ற வழக்கில் 18 வயதுக்கு உட்பட்டவர் குற்றம் சாட்டப்பட்டவராகவோ சாட்சியாகவோ இருந்தால் அடையாளத்தை வெளியிடச் சட்டம் தடுக்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தைக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. பெயரை நீக்குவதோடு வேலை முடியாது. நம் வட்டாரம் சிறியது. "கோயில் செயலாளரின் மகன்" என்று எழுதினால் ஊருக்கே தெரியும். பள்ளி, தெரு, பெற்றோர் தொழில் எதுவும் வேண்டாம். பாலியல் குற்ற வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் தம் பதிலைத் தரும் முன் குற்றச்சாட்டு விவரத்தை வெளியிடுவதற்கும் தடை உண்டு. சந்தேகம் வந்தால் ஆசிரியரைக் கேட்கும் வரை அச்சுக்கு அனுப்பாதீர்கள். அவதூறு விஷயத்தில் "அவர் சொன்னார், நான் எழுதினேன்" என்பது தனியாக நின்று காப்பாற்றாது.

தலைப்பு

செய்தியை எழுதி முடித்த பிறகே தலைப்பு. ஐந்து முதல் ஏழு சொல். எழுத்துகளை எண்ணி இடத்தைக் கணக்கிடாதீர்கள். "ணௌ" எடுக்கும் அகலத்தில் "ர" மூன்று அடங்கும். பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு சொல் இரண்டு வரியாக உடையக் கூடாது, புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் நிற்கக் கூடாது. "பரபரப்பு", "அதிர்ச்சி" இரண்டும் செய்தியைச் சொல்வதில்லை. மேலே பார்த்த செய்திக்கு: "ஐந்து நாளாகத் தண்ணீர் இல்லை: பீனிக்ஸில் சாலை மறியல்".

ஒற்றெழுத்தைக் கடைசியாகப் பாருங்கள், தலைப்பில்தான் அது பெரிதாகத் தெரியும். "வேலை தேடினார்" என்றால் உத்தியோகம் தேடினார். "வேலைத் தேடினார்" என்றால் முருகன் கையிலுள்ள வேலாயுதத்தைத் தேடினார். தைப்பூசப் பக்கத்தில் இரண்டுமே நடக்கக் கூடியவை.

வெட்டும் வேலை

250 சொல் செய்திக்கு 40 நிமிடம் இருந்தால் எழுத 20, வெட்ட 20 என்று பிரியுங்கள். ஆங்கிலத்தில் 300 சொல் கேட்கும் செய்திக்குத் தமிழில் 200 போதும். நம் சொற்கள் உருபையும் விகுதியையும் தம்மோடு ஒட்டிக்கொண்டு நீள்கின்றன.

முதல் சுற்றில் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். இரண்டு கோட்டுக்கு இடையே 15 சொல்லுக்கு மேல் இருந்தால் அங்கே உடையுங்கள். இரண்டாம் சுற்றில் "பட்ட", "மேற்கொ", "நிலையில்", "தொடர்ந்து", "குறிப்பிடத்தக்க" ஆகிய ஐந்தையும் கணினியில் தேடி ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். மூன்றாம் சுற்றில் எண்ணையும் பெயரையும் குறிப்பேட்டோடு ஒப்பிடுங்கள். திரையில் வேண்டாம், அச்செடுத்துப் பேனாவால் குறியிடுங்கள். நான்காம் சுற்றில் உரக்க வாசியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் முற்றுப்புள்ளி இல்லை என்றால் அங்கே வையுங்கள்.

முடிந்தால் வாரக் கடைசிப் பள்ளியில் தமிழ் கற்கும் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். விளக்காதீர்கள், குறுக்கே பேசாதீர்கள். அவர் தடுக்கி, திரும்பப் போய் வாசிக்கும் ஒவ்வொரு சொல்லின் கீழும் ஒரு புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகளைத் திருத்திவிட்டுப் பக்கத்தை அனுப்புங்கள்.